பேட்டரிக்காக கடலோட அடியைத் தோண்டணுமா? ஆழ்கடல் சுரங்கச் சண்டை என்ன, அதுல இந்தியா எங்க நிக்குது

நிலக்கரியை விடுங்க, சோலாருக்கும் காத்தாலைக்கும் எலக்ட்ரிக் வண்டிக்கும் மாறுங்கன்னு வருஷக்கணக்கா கத்திட்டு இருக்குற அதே சுற்றுச்சூழல் அமைப்புகள், அந்த பேட்டரிக்கு வேண்டிய நிக்கலையும் கோபால்ட்டையும் கடலடியில இருந்து எடுத்துத் தர்றேன்னு ஒரு கம்பெனி வந்தா அந்தக் கப்பல் மேலயே ஏறி மறிக்குறாங்க, அப்ப இவங்களுக்கு என்னதான் வேணும்னு நிறைய பேருக்கு குழப்பம். 2025 ஏப்ரல் 24 அன்னைக்கு டிரம்ப் ஆழ்கடல் கனிமம் எடுக்குறதை வேகப்படுத்தச் சொல்லி உத்தரவுல கையெழுத்து போட்டாரு, அஞ்சு நாள்ல ஒரு கம்பெனி அமெரிக்க அரசுகிட்ட விண்ணப்பமே போட்டுருச்சு. அதுல இருந்து செய்தியில அடிக்கடி வருது, ஆனா அடிப்படை என்னனு சொல்லாமலே வருது. அதனால முதல்ல இருந்து பாப்போம்.

கடலுக்கு அடியில அப்படி என்ன இருக்கு

கடல்ல 4 கிலோமீட்டர்ல இருந்து 6 கிலோமீட்டர் ஆழத்துல, வெளிச்சமே போகாத சமவெளியில, உருளைக்கிழங்கு சைஸ்ல கறுப்புக் கட்டிங்க சிதறிக் கிடக்கு. இதைத்தான் பாலிமெட்டாலிக் நாட்யூல்னு சொல்றாங்க. ஒரே கட்டிக்குள்ள மாங்கனீஸ், நிக்கல், தாமிரம், கோபால்ட் நாலும் இருக்கு. சுறாப் பல்லோ சங்குத் துண்டோ அடியில விழுந்து, அதைச் சுத்தி தண்ணியில கரைஞ்சிருக்குற உலோகம் படிஞ்சு படிஞ்சு வளருது. வளர்ற வேகம் 10 லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர். அப்ப கையில அடங்குற ஒரு கட்டி உருவாக எத்தனை லட்சம் வருஷம் ஆயிருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம்.

இது புதுசா கண்டுபிடிச்சது இல்ல. 1870கள்லயே பிரிட்டனோட சேலஞ்சர் கப்பல் இதை அள்ளிட்டு வந்துச்சு. அதிகமா கிடக்குறது ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவுல பசிபிக்ல இருக்குற கிளாரியன் கிளிப்பர்டன் மண்டலத்துல, அங்க மட்டும் சுமார் 2,100 கோடி டன் இருக்கும்னு மதிப்பீடு. இந்தியப் பெருங்கடல் நடுவுலயும் இருக்கு, அது நம்ம கதை, பின்னாடி வரும்.

நாட்யூல் தவிர இன்னும் ரெண்டு வகை இருக்கு: வெந்நீர் ஊத்துக்கள் பக்கத்துல சேர்ற சல்ஃபைடு படிவு, அப்புறம் கடலடி மலைங்க மேல ஓடு மாதிரி படிஞ்சிருக்குற கோபால்ட் படலம். சட்டத்துல மூணுக்கும் தனித்தனி விதி.

எப்படி எடுப்பாங்க

1. ட்ராக்டர் மாதிரி பெரிய மெஷினை அடிக்கு இறக்குவாங்க. அது ஊர்ந்து போய் நாட்யூலை உறிஞ்சும், கூடவே மேல் மண்ணு சில சென்டிமீட்டரும் வரும். ஆழ்கடல் மண்ணுல உயிர் இருக்குறது முக்கியமா அந்த சில சென்டிமீட்டர்லதான்.
2. பல கிலோமீட்டர் நீளக் குழாய் வழியா நாட்யூலும் சகதியும் கப்பலுக்கு ஏறும்.
3. நாட்யூலைப் பிரிச்சு எடுத்துட்டு மிச்சம் சகதித் தண்ணியைத் திரும்ப கடல்லயே விடுவாங்க, மேல இல்ல, ஆயிரம் மீட்டருக்கும் கீழ நடுக்கடல் ஆழத்துல.

ஆக சகதி மேகம் ரெண்டு இடத்துல கிளம்பும், மெஷின் பின்னாடி அடியில ஒண்ணு, நடு ஆழத்துல ஒண்ணு. அடியில நீரோட்டம் ரொம்ப மெதுவா இருக்குறதால அந்தத் தூசி எவ்வளவு தூரம் போகும், எங்க படியும்ங்கறது பெரிய கேள்வி. தண்ணியை வடிகட்டி சாப்பிடுற உயிரினங்களுக்கு அது மூச்சடைக்குற விஷயம்.

எடுத்தா திரும்ப வளருமா

இந்த சண்டையில எனக்கு முக்கியமாப் படுறது இந்த இடம்தான், ஏன்னா இங்க ஊகம் கம்மி, நேர்ல போய் பார்த்த சான்று இருக்கு.

1989ல ஜெர்மன் விஞ்ஞானிகள் பெரு நாட்டுப் பக்கம் பசிபிக்ல, 4,000 மீட்டருக்கும் கீழ, ஏர் மாதிரி ஒரு கருவியை இழுத்து சுமார் 11 சதுர கிலோமீட்டர் அடியை வேணும்னே உழுது விட்டாங்க. சுரங்கம் வந்தா என்ன ஆகும்னு பாக்குறதுதான் நோக்கம், டிஸ்கால் சோதனைன்னு பேரு. 26 வருஷம் கழிச்சு 2015ல போய் கேமராவை இறக்கினா, உழுத கோடு அப்படியே இருக்கு. காத்து இல்ல, மழை இல்ல, அலையும் அங்க எட்டாது, எது அந்தக் கோட்டை அழிக்கும்? மண்ணுல இருக்குற நுண்ணுயிர் வேலைகள் பழைய நிலைக்கு வரவே 50 வருஷத்துக்கு மேல ஆகும்னு அந்த ஆய்வு சொல்லுச்சு.

அதே பெரு பக்கத்துல இன்னொண்ணையும் பார்த்தாங்க. வெள்ளையா, கண்ணாடி மாதிரி ஒரு ஆக்டோபஸ். அது முட்டை இடுறது செத்துப்போன கடற்பஞ்சோட காம்புல, அந்தக் கடற்பஞ்சு ஒட்டி நின்னது ஒரு நாட்யூல் மேல. சுத்தி சேறுதான், கெட்டியா பிடிச்சு வளர அங்க வேற தரையே கிடையாது. நாட்யூலை எடுத்தா கடற்பஞ்சு இல்ல, கடற்பஞ்சு இல்லாட்டி அந்த முட்டைக்கு இடம் இல்ல. உழுத இடத்துல அந்தக் காம்புக் கடற்பஞ்சுங்க 26 வருஷம் ஆகியும் திரும்ப வரல.

கிளாரியன் கிளிப்பர்டன்லயும் ஒரு பழைய தடம் இருக்கு, 1979ல நடந்த சுரங்க சோதனையோடது. 44 வருஷம் கழிச்சு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் போனப்ப தடம் தெளிவா தெரிஞ்சுது. நேர்மையா சொல்லணும்னா, சில சின்ன உயிரினங்க அங்க திரும்பி வந்திருந்துச்சு. ஆனா ஒரே இடத்துல ஒட்டி வாழுற பெரிய உயிரினங்க ரொம்பக் கொஞ்சம்தான். அப்புறம் 2022ல மெட்டல்ஸ் கம்பெனிங்கற கனடா நிறுவனம் ஹிடன் ஜெம் கப்பலை வச்சு ஆயிரக்கணக்கான டன் நாட்யூல் எடுத்து சோதனை பண்ணுச்சு, அந்தத் தடத்துக்குள்ள மண்ணுல வாழுற சின்ன உயிரினங்களோட எண்ணிக்கை 37 சதவீதமும், இனங்களோட வகை 32 சதவீதமும் குறைஞ்சதா 2025 கடைசியில வந்த ஆய்வு சொல்லுது. அது வெறும் சோதனை ஓட்டம்ங்கறதை மனசுல வச்சுக்கோங்க.

இதுல இன்னும் கவலையான விஷயம், என்னென்ன அழியும்னு பட்டியல் போடக்கூட நம்மகிட்ட பேர் இல்ல. 2023ல வந்த கணக்குப்படி அந்த மண்டலத்துல பதிவான சுமார் 5,500 இனங்கள்ல கிட்டத்தட்ட 90 சதவீதத்துக்கு அறிவியல் பேரே இன்னும் வைக்கல.

நாட்யூலே இருட்டுல ஆக்சிஜன் உண்டாக்குதுன்னு 2024ல ஒரு ஆய்வு பரபரப்பா வந்துச்சு, பகிராத ஆளே இல்ல. அதுக்கு விஞ்ஞானிகள் மத்தியிலயே கடுமையான மறுப்பு இருக்கு, அதனால அதை நம்பி வாதம் வைக்க வேண்டாம். அது இல்லாமலே சான்று போதுமான அளவு இருக்கு.

இந்தக் கடலடி யாருக்குச் சொந்தம்

கரையில இருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டோட பொருளாதார மண்டலம். கண்டத்திட்டு நீண்டு போச்சுன்னு அறிவியல் ஆதாரம் காட்டினா கடலடிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் தூரம் கேக்கலாம். அதுக்கு அப்பால உள்ள கடலடி எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்ல. 1967ல மால்டா நாட்டுத் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா. சபையில எழுந்து, இது மனித குலம் மொத்தத்துக்கும் பொதுச் சொத்து, பணக்கார நாடுகள் மட்டும் அள்ளிட்டுப் போக விடக்கூடாதுன்னு பேசினாரு. 1982ல வந்த ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்துல அந்தக் கருத்து சட்டமாவே ஏறிடுச்சு. அதைப் பாத்துக்க ஜமைக்காவோட கிங்ஸ்டன்ல சர்வதேச கடலடி ஆணையம் 1994ல இருந்து இருக்கு. ஆராய்ச்சி பண்ண மட்டும் 30 ஒப்பந்தம் கிட்ட கொடுத்திருக்காங்க, வணிக ரீதியா வெட்டி எடுக்க இதுவரை அந்த ஆணையம் யாருக்கும் அனுமதி கொடுக்கல, ஏன்னா அதுக்கான விதிமுறையே இன்னும் எழுதி முடிக்கல.

இங்கதான் நவுரு உள்ள வருது. 21 சதுர கிலோமீட்டர் தீவு. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து பல பத்து வருஷம் பாஸ்பேட் வெட்டி எடுத்ததுல தீவோட உள்பகுதி முழுக்க வெறும் கூர்ப்பாறையா நிக்குது, மக்கள் கரையோரமா ஒதுங்கி வாழுறாங்க. வருமானத்துக்கு வழி தேடுற அந்த நாடு மெட்டல்ஸ் கம்பெனியோட துணை நிறுவனத்துக்கு ஸ்பான்சரா நின்னு, 2021 ஜூன்ல ஒப்பந்தத்துல இருக்குற ரெண்டு வருஷக் கெடுவை எழுப்புச்சு. அதாவது ரெண்டு வருஷத்துக்குள்ள விதிமுறையை முடிங்க, இல்லன்னா இருக்குறதை வச்சே விண்ணப்பத்தைப் பரிசீலிங்கன்னு. 2023 ஜூலையில கெடு முடிஞ்சுது, விதி முடியல. நவுரு மேல எனக்கு கோபம் வரல. ஒரு தடவை சுரங்கத்தால அழிஞ்ச தீவை அடுத்த சுரங்கத்தைக் காட்டி இழுக்குற அந்த ஏற்பாட்டு மேலதான் கோபம் வருது.

ஆணையத்துல காரியம் நடக்கலன்னதும் மெட்டல்ஸ் கம்பெனி அமெரிக்கா பக்கம் திரும்புச்சு. அமெரிக்கா கடல் சட்ட ஒப்பந்தத்துல சேரவே இல்ல, ஆனா 1980ல போட்ட சொந்தச் சட்டம் ஒண்ணு வச்சிருக்கு, அதுபடி சர்வதேச கடலடிக்கு தானே லைசென்ஸ் கொடுக்கலாம்னு சொல்லுது. டிரம்ப் உத்தரவு அந்தச் சட்டத்தைத்தான் கிளப்பி விட்டுது. ஆணையத்தோட பொதுச் செயலாளர் லெட்டீசியா கர்வால்யோ இதை வெளிப்படையா எதிர்த்தாங்க. சீனாவும் எதிர்த்துச்சு, பிரான்சும் எதிர்த்துச்சு. ஒரு நாடு தனக்குத்தானே பட்டா போட்டுக்கிட்டா அடுத்த நாடு ஏன் போடாதுங்கற பயம் சுரங்கத்தை ஆதரிக்குற நாடுகளுக்கும் இருக்கு.

"காட்டைக் காப்பாத்ததான் கடலைத் தோண்டுறோம்"ங்கற வாதம்

கம்பெனிகளோட பெரிய வாதம் இது, லேசா ஒதுக்க முடியாது. உலகத்தோட நிக்கல்ல பாதிக்கு மேல இந்தோனேசியாவுல இருந்து வருது, சுலவேசியிலயும் ஹல்மஹேராவுலயும் மழைக்காட்டை வெட்டித்தான் எடுக்குறாங்க, அதை உருக்குறதும் நிலக்கரி மின்சாரத்துல. கோபால்ட்டோ பெரும்பகுதி காங்கோவுல இருந்து, அங்க குழந்தைத் தொழிலாளர் பிரச்சனை எல்லாருக்கும் தெரிஞ்சது. கடலடியில மரமும் இல்ல மனுஷனும் இல்ல, அங்க எடுத்தா இதெல்லாம் நிக்கும்ங்கறாங்க.

நான் இதை ஏத்துக்காததுக்கு காரணம்:

1. கடல்ல எடுத்தா நிலத்துல நிறுத்துவோம்னு எந்த நாடும் எந்தக் கம்பெனியும் எழுதிக் கொடுக்கல. சரக்கு கூடினா விலை இறங்கும், விலை இறங்கினா இந்தோனேசியாவுல இன்னும் மலிவா, இன்னும் மோசமா எடுப்பாங்க, ரெண்டு பக்கமும் அழியும்.

2. காட்டைக் காப்பாத்தறதுக்கு காட்டுலயே போராடுற வழி இருக்கு. ராஜா அம்பாட்னு பப்புவா பக்கம் பவளத்தீவுக் கூட்டம், அங்க சின்னச் சின்னத் தீவுகள்ல நிக்கல் எடுக்க ஆரம்பிச்சு, செம்மண்ணு கடல்ல இறங்குற படங்களை உள்ளூர் மக்களும் கிரீன்பீஸ் இந்தோனேசியாவும் வெளிய கொண்டு வந்தாங்க. நாடே கொந்தளிச்சதுல 2025 ஜூன்ல அரசு அஞ்சுல நாலு கம்பெனியோட அனுமதியை ரத்து பண்ணுச்சு. காக் தீவுல இருக்குற ஒண்ணை மட்டும் விட்டுட்டாங்க, அந்தப் போராட்டம் முடியல.

3. பேட்டரியே மாறிடுச்சு. லித்தியம், இரும்பு, பாஸ்பேட் சேர்த்து செய்யுற எல்எஃப்பி பேட்டரியில நிக்கலும் கிடையாது கோபால்ட்டும் கிடையாது. 2024ல உலக எலக்ட்ரிக் கார் பேட்டரி சந்தையில கிட்டத்தட்ட பாதி இதுதான், சீனாவுல இன்னும் அதிகம். நம்ம ரோட்ல ஓடுற டாட்டா நெக்ஸான் எலக்ட்ரிக் காருக்குள்ளயும் இதேதான் இருக்கு. சோடியம் பேட்டரியும் பின்னாடியே வருது. கோபால்ட் விலை விழுந்து போய் 2025 பிப்ரவரியில காங்கோ அரசே ஏற்றுமதியை நிறுத்தி வச்சுது, பத்தாக்குறை இருந்தா அப்படி நடக்குமா? தாமிரம் தேவை கூடும், அது உண்மை, ஆனா தாமிரத்துக்காக நாட்யூல் எடுக்குறோம்னு யாரும் வர்றதில்ல.

4. டிரம்ப் உத்தரவு வந்ததுல இருந்து கம்பெனிகளோட பேச்சுல கார் பேட்டரி பின்னாடி போய், ராணுவத் தேவை, சீனாவுக்குப் போட்டிங்கறது முன்னாடி வந்துருச்சு. பசுமை எரிசக்திக்காகத்தான்னு சொன்னது இவ்வளவு சீக்கிரம் மாறுதுன்னா அந்த வாதத்தை எவ்வளவு தூரம் நம்புறது.

தடுக்குறவங்க எப்படி வேலை செய்றாங்க

கோரிக்கை நிரந்தரத் தடைன்னு எல்லாரும் நினைச்சுக்குறாங்க. பிரான்ஸ் மாதிரி சிலர் முழுத் தடை கேக்குறாங்க, பெரும்பாலானவங்க கேக்குறது தற்காலிக நிறுத்தம்: என்ன அழியும்னு தெரியுற வரைக்கும், அதைத் தடுக்க முடியும்னு நிரூபிக்குற வரைக்கும் அனுமதி கொடுக்காதீங்க. 2022ல லிஸ்பன் கடல் மாநாட்டுல பலாவ், ஃபிஜி, சமோவா மூணு தீவு நாடுகள் ஆரம்பிச்சது, இப்ப 35 நாடுகளுக்கு மேல சேர்ந்திருக்கு, ஜெர்மனி, பிரிட்டன், சிலி எல்லாம் உள்ள. வேலை நாலு பக்கமா நடக்குது.

சந்தைப் பக்கம், 2021ல உலக வனவிலங்கு நிதியத்தோட அழைப்பை ஏத்து பிஎம்டபிள்யூ, வால்வோ, கூகுள், சாம்சங் எஸ்டிஐ நாலும் ஆழ்கடல் உலோகம் வாங்க மாட்டோம்னு கையெழுத்து போட்டாங்க. வாங்குறவனே வேண்டாம்ங்கும்போது முதலீடு வர்றது கஷ்டம்.

கடல்ல, 2023 நவம்பர்ல கிரீன்பீஸ் ஆளுங்க கயாக் படகுல எம்.வி. கோகோங்கற ஆய்வுக் கப்பலைச் சுத்தி மறிச்சு, ரெண்டு பேர் மேலயும் ஏறிட்டாங்க. மெட்டல்ஸ் கம்பெனி தரப்பு ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டுக்குப் போச்சு. கப்பலை விட்டு இறங்கணும், ஆனா பக்கத்துல நின்னு போராடுறதைத் தடுக்க மாட்டோம்னு தீர்ப்பு.

பாராளுமன்றத்துல, நார்வே 2024 ஜனவரியில தன்னோட கடலைத் திறந்துவிட ஓட்டு போட்டுது, அதே வருஷம் டிசம்பர்ல பட்ஜெட்டுக்கு ஆதரவு வேணும்னா லைசென்ஸை நிறுத்துன்னு ஒரு சின்ன இடதுசாரி கட்சி பிடிச்ச பிடியில நிறுத்தி வச்சாங்க.

அப்புறம் கரையில, அதாவது சொந்த ஊர்ல. பப்புவா நியூகினியில சோல்வாரா 1னு ஒரு திட்டம், 2011ல லைசென்ஸ் கொடுத்தாங்க, சுறாவைக் கூப்பிட்டு பிடிக்குற பாரம்பரியம் உள்ள நியூ அயர்லாந்து மீனவ கிராமங்களுக்கு எதிர்த்தாப்புல. கிராமத்து ஜனங்க, சர்ச்சுங்க சேர்ந்து வருஷக்கணக்கா எதிர்த்தாங்க. அந்தத் திட்டத்தை நடத்தின நாட்டிலஸ் கம்பெனி 2019ல திவாலாச்சு, அதுல பங்கு வாங்கின அரசாங்கத்துக்கு சுமார் 12 கோடி டாலர் போச்சு. ஒரு ஏழை நாட்டோட பணம் அது. லாபம் வரும்னு ஸ்பான்சரா நிக்குற நாடுகள் படிக்க வேண்டிய கதை இது, ஆனா பேச்சுவார்த்தையில இதை யாரும் எடுக்குறதில்ல.

ஒரு சின்ன விளக்கம்: 2026 ஜனவரி 17ல அமலுக்கு வந்த ஐ.நா. பொதுக்கடல் ஒப்பந்தம் (ஹை சீஸ் ட்ரீட்டி) சுரங்கத்தை நிறுத்திடும்னு சிலர் எழுதுறாங்க. நிறுத்தாது. அது பொதுக்கடல்ல பாதுகாப்புப் பகுதி அறிவிக்க வழி கொடுக்குது, கடலடிக் கனிமம் இன்னும் கிங்ஸ்டன் ஆணையத்து கையிலதான்.

இந்தியா, சென்னை, இலங்கை

நம்ம செய்திகள்ல இது ஏதோ பசிபிக் விவகாரம் மாதிரி வருது, அது தப்பு. 1981 ஜனவரி 26ல கவேஷனிங்கற இந்திய ஆராய்ச்சிக் கப்பல் அரபிக்கடல்ல இருந்து முதல் நாட்யூலை எடுத்துச்சு. 1987ல முன்னோடி முதலீட்டாளர்ங்கற அந்தஸ்து, அதாவது ஒரு கடலடிப் பகுதியை ஆராயுற உரிமை, உலகத்துலயே முதல்ல இந்தியாவுக்குத்தான் கிடைச்சுது. இப்ப கன்னியாகுமரிக்குத் தெற்கே வெகு தூரத்துல, பூமத்திய ரேகை தாண்டி, மத்திய இந்தியப் பெருங்கடல்ல 75,000 சதுர கிலோமீட்டர் நமக்கு ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருக்கு. அங்க 38 கோடி டன் நாட்யூல் இருக்குறதா அரசோட மதிப்பீடு. சல்ஃபைடு படிவுக்கு தனியா ரெண்டு ஒப்பந்தம், ரெண்டாவது 2025 செப்டம்பர்ல கார்ல்ஸ்பெர்க்ங்கற கடலடி மலைத்தொடருக்குப் போட்டது.

இதோட வேலை நடக்குறது சென்னை பள்ளிக்கரணையில இருக்குற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்துல. 2021ல வராஹாங்கற சுரங்க மெஷினை 5,270 மீட்டர் ஆழத்துல ஓட்டிப் பார்த்தாங்க. மூணு பேரை 6,000 மீட்டருக்குக் கொண்டு போற மத்ஸ்யா 6000 கலத்தை 2025 தொடக்கத்துல காட்டுப்பள்ளி துறைமுகத்துல தண்ணியில இறக்கி சோதிச்சாங்க. எல்லாம் 4,077 கோடி ரூபாய் ஆழ்கடல் திட்டத்துக்குள்ள வருது. அந்த இன்ஜினியருங்க செய்யுற வேலை சாதாரணம் இல்ல, அவ்வளவு அழுத்தத்துல ஒரு மெஷினை ஓட்டுறது சில நாடுகளால மட்டும்தான் முடியும். மத்ஸ்யா மாதிரி கலம் ஆராய்ச்சிக்கு வேணும், அதுல எனக்கு மறுப்பே இல்ல. அதே திட்டத்துல ஆராய்ச்சியும் சுரங்கமும் ஒண்ணா கட்டியிருக்குறதால, கலத்தைப் பாராட்டும்போது சுரங்கமும் சேர்ந்து கேள்வி இல்லாம நகருதுங்கறதுதான் பிரச்சனை.

இலங்கையும் இதுல இருக்கு. அஃபனாசி நிகிடின்னு இந்தியப் பெருங்கடல்ல பெரிய கடலடி மலை, கோபால்ட் படலம் உள்ளது. 2024 ஜனவரியில இந்தியா அதை ஆராய ஆணையத்துக்கிட்ட விண்ணப்பிச்சுது. அந்தப் பகுதி எங்க நீட்டிச்ச கண்டத்திட்டுக்குள்ள வருதுன்னு இலங்கை 2009லயே ஐ.நா.வுல உரிமை கேட்டு வச்சிருக்கு. பாக் நீரிணை மீன்பிடிச் சண்டையே தீராத நேரத்துல ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இன்னொரு கடல் சிக்கல்.

நம்ம சொந்தக் கடல் எல்லைக்குள்ள வேற சட்டம், வேற வேகம். 2024 நவம்பர்ல மத்திய அரசு முதல் தடவையா 13 கடல் கனிம பிளாக்கை ஏலத்துக்கு விட்டுச்சு: கிரேட் நிக்கோபார் பக்கம் ஏழு நாட்யூல், படல பிளாக், கேரளாவுல கட்டுமான மணலுக்கு மூணு, குஜராத்ல மூணு. கொல்லம் மீனவர்கள் கொதிச்சு எழுந்து 2025 பிப்ரவரியில கடலோர ஹர்த்தால் நடத்தினாங்க, அடுத்த மாசம் கேரள சட்டசபை எதிர்த்து தீர்மானம் போட்டுது. நிக்கோபாருக்கு அப்படி சத்தம் போட ஆள் கம்மி.

தற்காலிக நிறுத்தம் கேக்குற நாடுகள் பட்டியல்ல இந்தியா இல்ல. விதி சீக்கிரம் வரணும்ங்கற பக்கம் நிக்குது. இனி கவனிக்க வேண்டியது மூணு:

1. அமெரிக்கா தனியா கொடுக்குற லைசென்ஸை மத்த நாடுகள் எப்படி எடுத்துக்குறாங்க, அங்க இருந்து வர்ற உலோகத்தை யார் வாங்குறாங்க.

2. கிங்ஸ்டன்ல வருஷா வருஷம் ஜூலையில கூடுற கூட்டத்துல பொது நிறுத்தத்துக்கு ஓட்டு வந்தா இந்தியா என்ன பக்கம். இதைப் பத்தி நம்ம எம்.பி.ங்க கேள்வி கேக்கலாம், கேக்கணும்.

3. 1997லயே இந்திய விஞ்ஞானிகள் மத்திய இந்தியப் பெருங்கடல்ல அடியைக் கிளறி விட்டு என்ன ஆகுதுன்னு பார்த்த சோதனை ஒண்ணு இருக்கு, இன்டெக்ஸ்னு பேரு. வராஹா ஓடின தடமும் இருக்கு. வணிக அனுமதி பத்தி பேசுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு இடத்துக்கும் திரும்பப் போய், அங்க இன்னைக்கு என்ன உயிரோட இருக்குன்னு படத்தோட, தமிழ்லயும் வெளியிடுங்கன்னு பள்ளிக்கரணைக்கும் டெல்லிக்கும் கேக்குறது நியாயமான முதல் கோரிக்கை. கப்பல் இருக்கு, மெஷின் இருக்கு, போய்ப் பாக்கத் தெரிஞ்ச ஆளுங்களும் நம்மகிட்டயே இருக்காங்க.